நகரியில் காது கேட்காதவர் யாருமில்லை

பெட்டி நிறைய காது கேட்கும் கருவி. எல்லாம் இலவசம். கொடுக்க நாங்கள் தயார். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை!

போன ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் நடந்த கதை இது.

திருப்பதியில் ஒரு சேவை அமைப்பு இருக்கிறது. வார நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி சம்பாதிக்கும் நான், ஞாயிறு ஆனால் அவர்களோடு கிளம்பிவிடுவேன். கண் முகாம், சர்க்கரை நோய் முகாம், ரத்ததான முகாம்… எங்கே ஷாமியானா தெரிந்தாலும் அதற்கடியில் நான் இருப்பேன். "கல்யாணப் பந்தல் மட்டும்தான் உன் கண்ணுல படாது" என்று அம்மா சொல்வார். அது அவர் பிரச்சினை.

இந்த முறை காது முகாம். நகரியைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. தெருவுக்குத் தெரு விசைத்தறி. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் தடதடவென்று ஓடும் ஷெட்டுகள். அந்தச் சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்றால் யார் காதுதான் தாங்கும்? ஊரில் பாதிப் பேருக்காவது கருவி தேவைப்படும் என்று எங்கள் சேர்மன் கணக்குப் போட்டார். ரிடையர்டு பேங்க் மேனேஜர். நல்ல மனிதர். ஆனால் எதையும் போட்டோவாகவே யோசிப்பவர்.

கருவிகளுக்குப் பணம் கொடுத்தவர் சித்தூர்க்காரர். மாம்பழக்கூழ் ஃபேக்டரி முதலாளி. மதியம் நேரில் வந்து, தன் கையாலேயே கருவிகளைக் கொடுக்கப்போவதாக ஏற்பாடு.

ஏற்பாடெல்லாம் பிரமாதம். கல்யாண மண்டபம் பிடித்தாயிற்று. பக்கத்து ஸ்கூலில் அமைதியான ஒரு வகுப்பறையில் காது டாக்டர் ஹேமா தன் மெஷினோடு உட்கார்ந்தாயிற்று. மண்டபத்தில் வாலன்டியர்களான நாங்கள் முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும். அதில் ஃபெயில் ஆகிறவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

சோதனை ரொம்ப எளிது. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, அவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ரகசியம் பேசுகிற குரலில் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொன்னால் பாஸ். இல்லையென்றால் டாக்டர்.

என் நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் முனிரத்தினம். ஐம்பது வயதிருக்கும். தறிக்காரர். நான் பின்னால் போய் நின்றேன். "பூசணிக்காய்" என்று கிசுகிசுத்தேன்.

அவர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாப்பா, பின்னாடி போய் நின்னுக்கின? பேயா நீ? முன்னாடி வந்து பேசு."

"இது டெஸ்ட் சார். திரும்பக் கூடாது."

"மூஞ்சி காட்டாம பேசறது மரியாதை இல்ல கண்ணு. உங்க ஊர்ல அப்டியா?"

அடுத்து வந்தவரும் திரும்பினார். அதற்கடுத்து வந்த அம்மா நாற்காலியையே தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒருவர் நான் பின்னால் நகர நகர, சூரியகாந்திப் பூ மாதிரி என்னோடு சேர்ந்து சுற்றினார்.

என்ன செய்வது? எங்கள் அமைப்பில் சேர்ந்தபோது ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மக்களிடம் முகம் பார்த்துப் பேசுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், அவர்கள் வழக்கத்தை மதியுங்கள் — இதுதான் பயிற்சியின் சாரம். சரி, மதித்துவிடலாம் என்று எல்லா வாலன்டியர்களும் முன்னால் வந்து நின்றோம். குரலை மட்டும் இன்னும் தணித்துக்கொண்டோம். தூரத்தையும் கூட்டிக்கொண்டோம். நேர்மை முக்கியம் அல்லவா?

"பூசணிக்காய்… ரயில்… இருபத்திமூணு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"பூசணிக்கா, ரயிலு, இருவத்தி மூணு" என்றார் முனிரத்தினம். "இத கேக்கவா திருப்பதியில இருந்து வந்தீங்க?"

பாஸ்!

அடுத்தவர் பாஸ். அதற்கடுத்தவரும் பாஸ். எழுபது வயதுக்காரர் ஒருவர், நான் சொல்லி முடிப்பதற்குள் பதிலைச் சொன்னார். பாஸானவர்களுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, "உங்க காது சூப்பர்" என்று கைகுலுக்கி அனுப்பினோம். அவர்களும் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர்கள்போல வெளியே போய் இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்தார்கள். வகுப்பறையில் டாக்டர் ஹேமா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வரிசையில்தான் வள்ளியம்மா வந்தார். தறி ஷெட்டில் வேலை. நாற்பதைத் தாண்டியவர். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இவர் மட்டும் ஏதோ கேட்டுப் பெற வந்தவர் மாதிரி நின்றார்.

"பாப்பா, எனக்கு நேர்ல எல்லாம் நல்லா கேக்குது. போன்ல மட்டும் கேக்க மாட்டேங்குது. இந்த மிஷின மாட்டினா போனு கேக்குமா?"

"போன் பழசா இருக்கும்மா."

"மாத்தினேனே! புதுசும் கேக்கல. அதையும் மாத்தினேன். கடைக்காரன் சிம்மு சரியில்லன்னான். அதையும் மாத்திட்டேன். இனிமே போன்ல பேசற என் பொண்ணதான் மாத்தணும்."

பொண்ணு பெயர் ரேகா. ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். கேமரா உள்ள போனை உள்ளே விடமாட்டார்களாம். அதனால் முகம் பார்த்துப் பேசும் வீடியோ கால் கிடையாது. பட்டன் போனில்தான் அம்மாவோடு பேச்சு.

கேட்காத போனில் இத்தனை நாள் எப்படிப் பேசினீர்கள் என்றேன்.

வள்ளியம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். "மூணே பேச்சுதான். மொதல்ல 'சரிம்மா'. அப்பறம் சாப்பாட்டுக்கு 'துன்னியா?' கடசியில 'ரொம்ப சந்தோஷம்'. வரிசையா சொல்லிக்கினே இருப்பேன். நல்லாதான் ஓடிச்சி."

யோசித்துப் பார்த்தால்… ஏன் ஓடாது? வீட்டுக்குப் போன் செய்யும் நம்மில் எத்தனை பேருக்கு இதற்கு மேல் பதில் வருகிறது? என் அம்மாவின் போனுக்கு என் பதில்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான் தேறியது.

ஆனால் ஒரு நாள் ஓடவில்லை.

ரேகாவுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. "ஜொரம்மா, வந்து கூட்டினு போ" என்று போன் செய்திருக்கிறாள். அம்மா "சரிம்மா" என்றிருக்கிறார். அதை நம்பி, பையைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டல் கேட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வெகுநேரம் கழித்து மறுபடி போன். "கெளம்பிட்டியா?" என்றதற்கு அம்மாவின் பதில், "துன்னியா?" அழுதுகொண்டே, "இனிமே ஒங்கூட பேசவே மாட்டேன்" என்றாள் ரேகா.

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார் வள்ளியம்மா.

அவளோடு வேலை செய்யும் பெண் ஊருக்கு வந்து நேரில் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்ததாம். ஓடிப்போய் ஹாஸ்டல் வாசலில் நின்றிருக்கிறார். 'டூட்டியில் இருக்கிறேன்' என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள் ரேகா. அன்றிலிருந்து அம்மா நம்பரைப் பார்த்தால் எடுப்பதே இல்லை.

"எடுத்தாலும் இன்னா பண்றது சொல்லு? அவ இன்னா சொல்றான்னு கேக்காதே. மறுபடியும் எதுக்காவது சந்தோஷம்னு சொல்லித் தொலைப்பேன்."

கண்ணில் தண்ணீர் நிற்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. ரொம்பக் கவனமாகச் சோதித்தேன். குரலே இல்லாமல், வெறும் காற்றாகச் சொன்னேன்: "வெண்டைக்காய்… பஸ்… பதினெட்டு."

"வெண்டக்கா, பஸ்ஸு, பதினெட்டு" என்றார் பளிச்சென்று.

என்ன சொல்ல முடியும்? "உங்க காதுல ஒரு குறையும் இல்லம்மா" என்று பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். உனக்கு ஒரு நோயும் இல்லை என்று சொன்னதற்கு அவ்வளவு வாடிப்போன முகத்தை நான் பார்த்ததே இல்லை.

மதியம் நெருங்கியது. ஊரே பாஸ். பெட்டியின் சீல்கூட உடைக்கவில்லை. சித்தூரிலிருந்து கூழ் முதலாளி கார் ஏறிவிட்டதாகத் தகவல்.

சேர்மன் சார் வியர்த்துப் போனார். "அய்யோ ராமா! இத்தன பெரிய ஊர்ல காது கேக்காத ஆளு ஒருத்தர் கூட லேதா? நல்லா தேடுங்கம்மா!"

அப்புறம் அவர் செய்ததுதான் உச்சம். திருப்பதி மலை இருக்கும் திசையை உத்தேசமாகக் கணித்து, அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "ஸ்வாமி, ஒரே ஒருத்தருக்காவது காது கேக்காம இருக்கட்டும் ஸ்வாமி!"

ஏழுமலையானிடம் இதுவரை இப்படி ஒரு வேண்டுதல் போயிருக்குமா?

வாலன்டியர்கள் தெருத் தெருவாக ஓடினோம். வீடு வீடாகத் தட்டி, "இங்க யாருக்காவது காது கேக்காதா?" என்று ஆசையோடு விசாரித்தோம். "உங்க வீட்டுல யாருக்காவது கேக்காதா?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் ஒரு டீக்கடை ஓரமாக, எவ்வளவு கூப்பிட்டும் திரும்பாத ஒருவரை என்னோடு வந்த பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்! ஏறக்குறைய தூக்கிக்கொண்டே மண்டபத்துக்கு வந்தார்கள். சேர்மன் சார் சால்வையே போர்த்திவிட்டார்.

பின்னாலேயே அவர் மனைவி ஓடி வந்தார். "ஏம்பா, அந்த ஆள எதுக்கு இஸ்துனு வந்தீங்க? காதெல்லாம் நல்லா கேக்கும். எங்கூட சண்ட. கோவம் வந்தா யாரு கூப்ட்டாலும் திரும்ப மாட்டாரு."

சால்வையைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அப்போதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலாளி வந்து இறங்கினார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. சாப்பாடு உண்டு என்பதால் பாஸான ஊர் மொத்தமும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையின் ஓரத்தில் வள்ளியம்மா, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு. டாக்டர் ஹேமாவும் மெஷினைப் பூட்டிவிட்டு மேடை ஓரம் வந்து நின்றார்.

மைக் வேலை செய்யவில்லை. சரி செய்துகொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் மேடையில் முதலாளியும் சேர்மனும் தலையைச் சாய்த்து ரகசியம் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்தில் மாலையை ஏந்தி நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"ஏமண்டி, எல்லாருக்கும் காது கேக்குதுன்னா என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?" இது முதலாளி.

"டென்ஷன் ஆகாதீங்க சார். சும்மா நாலு பேருக்கு மாட்டிவிட்டு போட்டோ எடுத்துக்கலாம். அப்பறமா கழட்டிக்கலாம்." இது சேர்மன்.

கடைசி வரிசையில் முனிரத்தினம் எழுந்தார். "கழட்டிக்கறதுக்கு எதுக்கு சார் மாட்றீங்க? போட்டோ எடுக்கறதுன்னா சும்மாவே எடுங்க, நிக்கறோம்."

சேர்மன் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மைக்க ஆஃப் பண்ணுங்கய்யா!"

"இன்னும் ஆனே ஆகல சார்" என்றார் மைக்செட்காரர், கையில் ஒயரோடு.

முதலாளி இன்னும் குனிந்து, இன்னும் மெதுவாக, "இவங்களுக்கு எப்படிக் கேட்டுது? அந்த மஞ்சப் புடவை அம்மா தூங்கிட்டுதானே இருந்துச்சி?" என்றார்.

"நான் எங்க தூங்கினேன்? கண்ண மூடி சாமி கும்பிட்டேன்!" என்று பாதி மண்டபத்துக்கு அப்பாலிருந்து பக்கத்துக்காரியிடம் முறையிட்டது மஞ்சள் புடவை. "யாரோ எழுப்பிவிட்டு சொன்னாங்க, மேடையில என்னப் பத்திப் பேசறாங்கன்னு."

இருவருக்கும் பயமே வந்துவிட்டது. தெலுங்குக்கு மாறினார்கள். அதுவும் பயன்படவில்லை. நகரியில் தெலுங்கு தெரியாதவர் யார்? முதலாளியின் ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் கூட்டத்திலிருந்து பதில் வந்தது. அவருடைய இடுப்பு வலிக்கு ஒரு கிழவர் எண்ணெய்கூடச் சொன்னார்.

கடைசியாக சேர்மன் சார் முதலாளியின் காதுக்குள் ஏறக்குறைய நுழைந்து சொன்னது இது: "சாம்பார் சாதம் எல்லாருக்கும் பத்தாது போல இருக்கு சார். முதல்ல நம்ம ஆளுங்க சாப்பிட்டுறட்டும்."

அவ்வளவுதான். நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. ஒரு சத்தம் இல்லை, ஒரு அறிவிப்பு இல்லை… மொத்தக் கூட்டமும் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தது.

காலியான மண்டபத்தைப் பார்த்து முதலாளி கேட்டார்: "இது காது முகாமா, ஜோசிய முகாமா?"

டாக்டர் ஹேமா மட்டும் சிரிக்கவில்லை. "காலையில இவங்களை எப்படி டெஸ்ட் பண்ணீங்க?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். முன்னால் நின்று, முகத்தைப் பார்த்து, மரியாதையாக.

அவர் உடனே சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார். நானும் ஓடினேன். பரிமாறுபவரிடமிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, அண்டாவுக்குப் பின்னால் நின்றார் டாக்டர். இன்னொரு கையில் ஒரு பேப்பர் தட்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். வரிசையில் முதல் ஆள் முனிரத்தினம்.

தட்டுக்குப் பின்னாலிருந்து, சாதாரணக் குரலில், டாக்டர் கேட்டார்: "சாம்பார் சாதமா, தயிர் சாதமா?"

முனிரத்தினம் தட்டை நீட்டியபடி நின்றார்.

"சாம்பாரா? தயிரா?" கொஞ்சம் சத்தமாகவே.

"எதுக்கும்மா தட்டால மூஞ்ச மூடிக்கின? சாதம் போடு, பசிக்குது."

அடுத்தவர். அதே கேள்வி. அதே விழிப்பு. அடுத்தவர்… அவரும். அண்டாவில் ஒரு பருக்கை குறையவில்லை. வரிசை வாசல் வரை நீண்டு நின்றது. காலையில் என்னிடம் வரிசையாகப் பாஸானவர்கள், இங்கே வரிசையாக ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். தறி ஓடும் ஷெட்டுக்குள் யாரும் குரலை வைத்துப் பேசுவதில்லை. பேசினாலும் பயனில்லை. உதட்டைத்தான் பார்ப்பார்கள். ஷெட்டின் அந்தக் கோடியில் ஒருவர் உதட்டை அசைத்தால் இந்தக் கோடியில் பதில் வரும். சின்ன வயதிலிருந்து அதுவே பழக்கம். வீட்டிலும் அதே, தெருவிலும் அதே. காது கொஞ்சம் கொஞ்சமாக ஓய்வு பெற்றபோது, அந்த வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. வேலை தடங்கலில்லாமல் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

எங்களுக்கும் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை! "எனக்கா காது கேக்கல? எனக்கா?" என்று முனிரத்தினம் டாக்டரோடு சண்டைக்கே போனார். டாக்டர் தட்டை மறுபடி வாய்க்கு முன்னால் பிடித்து ஏதோ சொன்னதும்தான் அடங்கினார்.

"அப்படின்னா… இவங்க எல்லாருக்கும் கேக்காதா?" என்றார் சேர்மன்.

"நிறையப் பேருக்குக் குறைஞ்சிருக்கு சார். ஒழுங்கா மெஷின்ல பார்க்கணும்."

"கேக்காது!" என்று கத்தியபடி அவர் முதலாளியைக் கட்டிப்பிடித்தார். "யாருக்கும் கேக்காது சார்! கோவிந்தா! கோவிந்தா!"

ஓர் ஊருக்கே காது மந்தம் என்ற செய்தியை இவ்வளவு சந்தோஷமாகக் கொண்டாடிய இடம் உலகத்தில் வேறு இருக்காது. கொண்டாட்டத்தைப் பார்த்து, காரணம் புரியாமலேயே, ஊர்க்காரர்களும் கைதட்டினார்கள்.

வகுப்பறையை மறுபடி திறந்தோம். ஆளுக்கு ஆள் அளந்து, அந்தந்தக் காதுக்கு ஏற்ப கருவியைச் சரிசெய்ய நேரம் பிடிக்கும். அன்றைக்குச் சிலருக்குத்தான் முடியும். மற்றவர்களுக்காகத் தொடர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் ஆளாக நான் வள்ளியம்மாவை இழுத்துப்போய் உட்காரவைத்தேன். அப்படியாவது என் முகத்தில் நான் முழிக்க வேண்டாமா?

பரிசோதனை முடிந்தது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது.

"அப்ப போனு?" என்றார் வள்ளியம்மா.

"போன் எப்பவுமே நல்லாத்தான்மா இருந்திருக்கு."

"அடப்பாவி… ரெண்டு போன மாத்தினேனே!"

கருவியை மாட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். புடவையைத் தடவினார். அதன் சரசரப்பைக் கேட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி முகம் சுளித்தார். "அது யாரு, எருமை மாதிரி கறக் மொறக்னு துன்றது?"

ஜன்னலுக்கு வெளியே சேர்மன் சார் அப்பளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தெருமுனை ஷெட்டில் தறி ஓட ஆரம்பித்ததும் வள்ளியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இவ்ளோ சத்தமா போடுது அது? இதுலயா நான் நின்னுக்கினு கீறேன்?"

"தறிகிட்டப் போறப்ப இதைக் கழட்டிடணும்மா. அங்க காதை அடைச்சிக்கிற ரப்பர் மாதிரி ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்கணும். இல்லன்னா மிச்சம் இருக்கிறதும் போயிடும்" என்றார் டாக்டர். கருவி மாட்டுவதைப் பார்க்க வந்து நின்ற முதலாளி பக்கம் திரும்பினார். "உண்மையில முதல்ல அதைத்தான் சார் ஊர் முழுக்கக் கொடுத்திருக்கணும். இளம் வயசுப் பசங்களுக்காவது காது தப்பிக்கும்."

டாக்டர் தன் பையிலிருந்து எடுத்து நீட்டிய ரப்பர் துண்டை முதலாளி வாங்கி விரல்நுனியில் வைத்துப் பார்த்தார். நிலக்கடலை அளவுதான் இருந்தது.

"இதைக் கொடுக்கறப்ப போட்டோவுல என்ன தெரியும்? என் கட்டைவிரல்தான் தெரியும்."

அவரைக் குறை சொல்லவில்லை. மனதில் பட்டதை நேராகச் சொன்னார். நாம் மட்டும் என்ன? காலை இழந்தவருக்குச் சக்கர நாற்காலி கொடுத்தால் கைதட்டுகிறோம். கால் போகாமலிருக்க வாங்கிக் கொடுத்த செருப்புக்கு யார் கைதட்டினார்கள்? வந்த நோயைத் தீர்க்கும் உதவிக்கு மேடை உண்டு, மாலை உண்டு. வராமல் தடுக்கும் உதவிக்கு… வராத நோயை எப்படிப் போட்டோ எடுப்பது?

கடைசியில் டாக்டரே வழி சொன்னார். ஊர் மொத்தமும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒன்றாக நிற்கட்டும், பெரிய போட்டோவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று. முதலாளியின் முகம் மலர்ந்தது. வாங்கித் தருவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார். ஆமாம், போட்டோவுக்காகத்தான். அதனால் என்ன? காதுக்குள் போகிற ரப்பருக்கு அது தெரியவா போகிறது?

வள்ளியம்மா என் பக்கத்தில் வந்தார். "பாப்பா, ஒன் போன குடு. என் நம்பர்ல இருந்து போட்டா எடுக்க மாட்டா."

அவர் மனப்பாடமாக நம்பரைச் சொல்ல, நான் எண்களை அழுத்தினேன். முதல் தடவைக்கு ஸ்பீக்கரில் போடுங்கள் என்றார் டாக்டர். மணி அடித்தது. அந்தச் சத்தத்துக்கே வள்ளியம்மா முகம் மாறியது.

"ஹலோ, யாரு?"

வள்ளியம்மா போனை இன்னும் கிட்டே இழுத்தார்.

"யாருங்க?"

வள்ளியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் விரிந்திருந்தது. "பாப்பா… இவ கொரலு இன்னா இப்டி ஆயிப்போச்சி? பெரிய பொம்பள மாதிரி பேசறாளே!"

மகள் வளர்ந்ததை அவர் தினமும் பார்த்திருக்கிறார். குரல் வளர்ந்தது மட்டும் அவருக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

"அம்மாவா?" போனில் குரல் கடுப்பானது. "யாரு போன்ல இருந்து பேசற? இப்ப எதுக்கு போன் பண்ண? நான் பேசமாட்டேன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்னு சொன்னவதான நீ?"

"தெரியாம சொல்லிட்டேன்டீ…"

"இன்னா தெரியாம? ஜொரத்துல கேட்டாண்ட உக்காந்துக்கினு கெடந்தேன். பைய வேற கட்டிக்கினு. வாட்ச்மேன் அண்ணன் பாவம் பாத்து டீ வாங்கி குடுத்தாரு. யாரோ ஒரு ஆளுக்கு தோணிச்சி, பெத்த ஒனக்குத் தோணல!"

வள்ளியம்மா அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார், மகள் அதற்குள்ளிருந்து வெளியே வரப்போகிற மாதிரி.

"அப்பறம்?" என்றார்.

"இன்னா அப்பறம்?"

"வாட்ச்மேன் டீ வாங்கி குடுத்தாரு. அப்பறம்?"

அந்தப் பக்கம் கோபம் சட்டென்று இறங்கியது. பிறகு, தணிந்த குரல். "அம்மா… நான் சொல்றது ஒனக்குக் கேக்குதா?"

"கேக்குதுடீ. காதுல மிஷினு வெச்சிருக்காங்க. இத்தன நாளா ஒரு எழவும் கேக்கல. போன்தான் ரிப்பேருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அதற்குள் வகுப்பறை வாசலில் ஊரே கூடிவிட்டது. மகள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. போனுக்கு உதடு இல்லையே! முனிரத்தினம் வள்ளியம்மாவின் வாயைப் பார்த்து, பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு பாதியை மட்டும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். "இவ சொல்லிட்டா. அந்த பொண்ணு இன்னா சொல்லிச்சின்னு தெரிலபா… இரு, இவ மூஞ்சிய பாத்து சொல்றேன்."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அதன் பிறகு வெடித்ததே பாருங்கள்!

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றதுக்கு இன்னா? நானா வந்து ஒன் காதுல பூந்து பாக்க முடியும்? என்னிக்காவது ரோட்ல லாரிக்காரன் ஹாரன் அடிச்சி, அவன்கிட்டயும் 'சரிம்மா'ன்னுட்டு நின்னிருந்தா? இன்னா பொம்பள நீ? அறிவு இருக்குதா?"

திட்டு நிற்கவில்லை. ஹாஸ்டல் சாப்பாடு, சூப்பர்வைசர், அம்மாவின் 'துன்னியா?'… இத்தனை மாதம் சேர்த்து வைத்தது எல்லாம் வந்தது. வள்ளியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வாயெல்லாம் சிரிப்பு. நடுவில் ஸ்பீக்கரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "நல்லா திட்றா இல்ல?" என்று பெருமையாகக் கேட்டார்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். சூப்பர்வைசரு இன்னா சொன்னான்? அதுல விட்டுட்ட."

காது கேட்கும் கருவி கொடுக்கப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. மாட்டிவிட்டதும் போட்டோ எடுக்காதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். திட்டு வாங்குகிறவர் சிரிக்கிறாரா? கருவி நன்றாக வேலை செய்கிறது… அப்போது எடுங்கள்!